வாரக்கணக்கில் நின்ற லாரி: சாவியைத் திருகும் முன் சில கேள்விகள்

லோடு இல்லாமல் ஒன்றரை மாதமாக வண்டி நிற்கிறது. சாவியைத் திருகினால் 'டக் டக்' என்று சத்தம் மட்டும் வருகிறது. செல்ப் மோட்டார் போய்விட்டதா?

மோட்டாரைக் கழற்றாதீர்கள், முதலில் பேட்டரியைப் பாருங்கள். லாரியில் 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்துத்தான் 24 வோல்ட் எடுக்கிறார்கள், அதனால் மொத்தமாக அளந்துவிட்டு விடாமல் ஒவ்வொன்றிலும் தனித்தனியாக மீட்டர் வைக்கவும். முழு சார்ஜில் 12.6 காட்டும், 12-ஐ ஒட்டி நின்றால் கிட்டத்தட்ட காலி. பெரும்பாலும் ஒன்று நன்றாக இருக்கும், இன்னொன்று படுத்திருக்கும். டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றிச் சுரண்டி, இறுக்கிவிட்டு மறுபடி பாருங்கள், பாதிப் பேருக்கு அதோடு வேலை முடிந்துவிடும். பக்கத்து வண்டியிலிருந்து ஜம்ப் கொடுப்பதானால் அதுவும் 24 வோல்ட் வண்டியாக இருக்க வேண்டும்.

செல்ப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. புகைகூட வரவில்லை.

புகையே இல்லை என்றால் இன்ஜினுக்கு டீசல் போகவில்லை. பழைய ஹோஸிலோ பில்டர் வாஷரிலோ மயிரிழைக் கசிவு இருந்தாலே போதும், நிற்கிற நாட்களில் டீசல் மெல்ல டேங்குக்கு இறங்கி லைனில் காற்று புகுந்துவிடும். டேங்கில் டீசல் குறைவாக இருந்து வண்டியும் சாய்வாக நின்றால் கேட்கவே வேண்டாம்.

முதலில் டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் வாட்டர் செப்பரேட்டரின் அடித் திருகைத் திறந்து கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் பிடியுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக நிற்பது தெரியும், சுத்த டீசல் வரும்வரை விடுங்கள். அப்புறம் பில்டர் மேலே உள்ள ஏர் திருகை இரண்டு சுற்று தளர்த்திக் கை பம்பை அடியுங்கள். முதலில் நுரையாக, பிறகு குமிழி குமிழியாக வரும். குமிழி நின்று டீசல் ஒரே சீராக வழியும்போது, பம்பை அமுக்கியபடியே திருகை இறுக்க வேண்டும், கையை எடுத்துவிட்டு இறுக்கினால் மறுபடி காற்று இழுக்கும். பிறகு செல்ப் அடியுங்கள், ஒரு தடவைக்கு 10, 15 விநாடிக்கு மேல் வேண்டாம், நடுவில் ஒரு நிமிடம் விடுங்கள்.

பழைய வண்டியில் இன்ஜெக்டர் நட்டைத் தளர்த்திக் காற்று எடுப்பார்கள். காமன் ரெயில் வண்டியில், அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் புது வண்டியில், அங்கே கையை நீட்டவே கூடாது, அந்தக் குழாயில் அழுத்தம் 1000 பாருக்கு (காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய ஆயிரம் மடங்கு) மேல் போகும், பீய்ச்சினால் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும்.

ஏர் கிளீனரில் கொஞ்சம் பெட்ரோல் காட்டினால் உடனே பிடிக்கும் என்கிறாரே எங்கள் டிரைவர்?

பிடிக்கும், சில சமயம் தீயும் பிடிக்கும். வேண்டாம்.

இன்ஜின் ஓடுகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது. கிளட்ச் பிரச்சினையா?

லாரி பிரேக் அழுத்தக் காற்றில் வேலை செய்கிறது, மீட்டரில் ஏர் எவ்வளவு ஏறியிருக்கிறது? ஏர் போதாவிட்டால் பார்க்கிங் பிரேக்கின் ஸ்பிரிங் விடாது. 7, 8 பார் ஏறும்வரை ஐட்லிங்கில் விடுங்கள், டர்போவுக்கு ஆயில் ஏறவும் அந்த நேரம் வேண்டும். ஏர் நிறைந்தும் அசையவில்லை என்றால், மழையில் நின்ற வண்டியில் பிரேக் லைனர் துருவோடு டிரம்மில் ஒட்டியிருக்கும். முன்பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட்டு டிரம்மைச் சுற்றிச் சுத்தியலால் தட்டினால் விட்டுவிடும். ஆக்சிலரேட்டரை முறுக்கி கிளட்ச்சை விட்டு இழுத்தால் லைனர் பெயர்ந்து வரும். கிளம்பும் முன் ஏர் டேங்க் வடிகாலைத் திறந்து தண்ணீரை விடுங்கள்.

வாரம் ஒரு முறை ஐந்து நிமிடம் ஓட்டி அணைத்து வைக்கிறேன். போதும்தானே?

அது கெடுதல்தான். ஸ்டார்ட் செய்ய எடுத்த சார்ஜ் பேட்டரிக்குத் திரும்பியிருக்காது, இன்ஜின் சூடேறாததால் ஆயிலில் ஈரம் தங்கும். ஓட்டினால் அரை மணி நேரமாவது ரோட்டில் ஓட்டுங்கள், இல்லாவிட்டால் டேங்கை நிரப்பி, பேட்டரியைத் துண்டிக்கும் கட் ஆஃப் சுவிட்சை அணைத்து நிறுத்துங்கள். பிஎஸ் 6 (புதிய புகை விதிப்படி வந்த) வண்டியானால் சாவியை எடுத்த உடனே கட் ஆஃப் போடாதீர்கள், புகையைச் சுத்தம் செய்யும் யூரியா கரைசலான ஆட்ப்ளூவின் பம்ப், லைனில் உள்ளதை டேங்குக்குத் திரும்ப இழுக்க ஓரிரு நிமிடம் எடுக்கும், இழுக்காமல் நின்றால் யூரியா உப்பாக உறைந்து அடைத்துக்கொள்ளும்.