கடும் உடல் பருமனுக்கான மருந்து ஆய்வில் சேரலாமா? கேள்வி பதில்

செமக்ளூடைட், டிர்செபடைட் ஊசிகள் வந்த பிறகு, எடைக் குறைப்புக்கான க்ளினிக்கல் ட்ரையல்களில் சேர்வது பற்றிக் கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். வந்த கேள்விகளுக்கு இந்தியச் சட்டத்தையும் ஆய்வு மையங்களின் நடைமுறையையும் வைத்துப் பதில்கள் இங்கே.

மதுரை வாசகர்: சார், எடை 118 கிலோ, உயரம் 162 செ.மீ. ஆய்வுக்கு ஆள் எடுப்பதாக வாட்ஸ்அப்பில் வந்தது. பதிவுக் கட்டணம் 5,000 ரூபாய் கேட்கிறார்கள். கட்டலாமா?

கட்டாதீர்கள். ஆய்வு மருந்துக்கோ ஆய்வுக்கான பரிசோதனைகளுக்கோ பங்கேற்பவரிடம் பணம் வாங்கக் கூடாது. போக்குவரத்துச் செலவையும் இழந்த கூலியையும் அவர்கள் உங்களுக்கு ஈடுசெய்யலாம்.

விளம்பரம் அனுப்பியவரிடம் சி.டி.ஆர்.ஐ. (இந்திய க்ளினிக்கல் ட்ரையல் பதிவேடு) எண்ணைக் கேளுங்கள். ஐ.சி.எம்.ஆர். நடத்தும் இந்தப் பதிவேட்டில் மருந்து ஆய்வுகளைப் பதிவு செய்வது 2009 ஜூன் 15 முதல் கட்டாயம். எண்ணில் ஆண்டு, மாதம், வரிசை எண் மூன்றும் இருக்கும். அந்தப் பக்கத்தைத் திறந்ததும் மூன்று இடங்களைப் பாருங்கள்: எந்தெந்த மருத்துவமனைகள், ஒவ்வொன்றிலும் எதிக்ஸ் கமிட்டி (பங்கேற்பவர்களின் பாதுகாப்பைக் கவனிக்கும் நெறிமுறைக் குழு) ஒப்புதல் கிடைத்துவிட்டதா, சேர்க்கை திறந்திருக்கிறதா. சேர்க்கை நிலையைச் சில மையங்கள் உடனுக்குடன் மாற்றுவதில்லை. அதனால் பக்கத்தில் உள்ள எண்ணுக்குப் பேசி உறுதி செய்த பிறகே பஸ் ஏறுங்கள்.

உங்கள் பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடைக் குறியீடு) கிட்டத்தட்ட 45. எடையைப் பொறுத்தவரை பெரும்பாலான ஆய்வுகளுக்குத் தகுதி உண்டு.

சேலம் வாசகி: ஸ்கிரீனிங்கில் (தகுதிப் பரிசோதனையில்) என் தம்பியை எடுக்கவில்லை. எடை அதிகமாக இருந்தும் ஏன் தள்ளுகிறார்கள்?

எடை முதல் வாசல் மட்டும்தான். அதைத் தாண்டியும் இந்த வகை ஊசி ஆய்வுகளில் பலர் வெளியேறுகிறார்கள். வழக்கமான காரணங்கள்: கடந்த 90 நாளில் எடை 5 கிலோவுக்கு மேல் ஏறியோ இறங்கியோ இருப்பது, அதே காலத்தில் வேறு எடைக் குறைப்பு மருந்து எடுத்தது, முன்பு கணைய அழற்சி வந்தது, முன்பே பேரியாட்ரிக் அறுவை (எடைக் குறைப்பு அறுவை) செய்துகொண்டது, குடும்பத்தில் யாருக்காவது மெடுல்லரி தைராய்டு புற்றுநோய் இருந்தது, கடும் மனச்சோர்வு. ஆய்வில் சேரும் ஆசையில் முந்தைய மாதமே கடும் டயட் இருந்து ஆறு கிலோ குறைத்துவிட்டு வருபவர்கள் உண்டு. அந்த உழைப்பே அவர்களை வெளியே தள்ளிவிடுகிறது.

தவிர்க்கக்கூடிய ஒரு காரணமும் இருக்கிறது. பருத்த கையில் சாதாரண பி.பி. பட்டையைச் சுற்றினால் அளவு கூடுதலாகக் காட்டும். பட்டைக்குள் இருக்கும் ரப்பர் பை கையின் சுற்றளவில் சுமார் 80 சதவீதத்தையாவது சுற்றி வர வேண்டும். பட்டை இழுத்துப் பிடித்தும் ஒட்டாமல் பிய்ந்து வந்தால், "பெரிய கஃப் போடுங்க" என்று அங்கேயே கேளுங்கள். ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு எடுக்கச் சொல்லுங்கள். தவறான பி.பி. அளவு ஒரு தகுதியான ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடும்.

140 கிலோவுக்கு மேல் இருப்பவர்கள் போனிலேயே ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: அவர்களின் தராசும் டெக்ஸா ஸ்கேன் (உடல் கொழுப்பை அளக்கும் ஸ்கேன்) மேசையும் எத்தனை கிலோ தாங்கும்? 150 கிலோவோடு நின்றுவிடும் தராசுகள் இருக்கின்றன. போய் நின்ற பிறகு திருப்பி அனுப்பப்படுவது வேதனை, அது உங்கள் குற்றமும் அல்ல.

போகும்போது பழைய மருந்துச் சீட்டுகள், இப்போது எடுக்கும் மாத்திரை அட்டைகள், சித்த, ஆயுர்வேதச் சூரணங்கள் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். எதையும் மறைக்காதீர்கள். ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிறா என்று முதல்நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

கோவை வாசகர்: ப்ளாசிபோ (மருந்தில்லாத போலி ஊசி) கிடைத்தால் ஒரு வருடம் வீண்தானே?

மருந்துக்கும் ப்ளாசிபோவுக்கும் ஆட்களை எந்த விகிதத்தில் பிரிக்கிறார்கள் என்று கேளுங்கள். செமக்ளூடைட் 2.4 மி.கி. பற்றிய ஸ்டெப் 1 ஆய்வில் மூவரில் இருவருக்கு மருந்து. டிர்செபடைட்டின் சர்மவுண்ட் 1 ஆய்வில் நால்வரில் மூவருக்கு மருந்து. முதலாவதில் 68 வாரத்தில் மருந்துக் குழு சராசரியாக 14.9 சதவீத எடை இழந்தது, ப்ளாசிபோ குழு 2.4 சதவீதம். வித்தியாசம் பெரிதுதான். ஆனால் இரு குழுவுக்கும் உணவு ஆலோசனையும் தொடர் பரிசோதனையும் கிடைத்தன.

எடை இறங்கவில்லையே, நமக்கு ப்ளாசிபோதான் என்று நினைத்து வெளியே கடையில் ஊசி வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். இவை குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றும் மருந்துகள். செமக்ளூடைட் என்றால் 0.25 மி.கி.யில் தொடங்கி நான்கு வாரத்துக்கு ஒரு படியாக 2.4 வரை போகும். உங்களுக்கு உண்மையில் மருந்தே போய்க்கொண்டிருந்தால் அளவு இரட்டிப்பாகும். விடாத வாந்தி, நீர்ச்சத்து இழப்பு, அதனால் சிறுநீரகப் பாதிப்பு வரை போகலாம். ஆய்வு முடிவும் கெடும். காத்திருக்க முடியாது என்றால் சொல்லிவிட்டு விலகுங்கள். எந்த நேரத்திலும் காரணம் சொல்லாமல் விலக உங்களுக்கு உரிமை உண்டு.

திருச்சி வாசகி: மேடம், அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. கையெழுத்து மட்டும் போடச் சொல்கிறார்கள்.

தமிழ்ப் படிவம் கேளுங்கள். பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் தருவது சட்டக் கடமை. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் ஆய்வுக் குழுவைச் சேராத ஒரு சாட்சி முன் வாசித்துக் காட்ட வேண்டும். அன்றே கையெழுத்திடத் தேவையில்லை, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்கலாம். கையெழுத்தான பிரதி ஒன்று உங்கள் கையில் இருக்க வேண்டும். படிவத்தில் நாமினி பெயர், பங்கேற்பவரின் தொழில், ஆண்டு வருமானம் கேட்கும் இடங்களைக் காலியாக விடாதீர்கள்.

நெல்லை வாசகர்: ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு?

2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், க்ளினிக்கல் ட்ரையல் விதிகளின்படி, ஆய்வுக் காலத்தில் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சை தர வேண்டும். தேவைப்படும் வரை, அல்லது அது ஆய்வால் வந்ததல்ல என்று உறுதியாகும் வரை. ஆய்வால் மரணம் நேர்ந்தால் 8 லட்சத்தை அடிப்படையாக வைத்து, வயதையும் நோயின் தீவிரத்தையும் கொண்டு இழப்பீடு கணக்கிடப்படும். நிரந்தர ஊனத்துக்கும் தனிக் கணக்கு உண்டு.

நடைமுறையில் சிக்கல் எங்கே வருகிறதென்றால், நள்ளிரவில் வயிற்றுவலி வந்து பக்கத்து மருத்துவமனையில் சேர்ந்துவிட்டு, ஆய்வு மையத்துக்கு இரண்டு வாரம் கழித்துச் சொல்வதில். அட்மிஷன் ஆனால் அன்றே கோஆர்டினேட்டரை அழையுங்கள். கடும் பாதிப்பு நேர்ந்த 24 மணி நேரத்துக்குள் அவர்கள் மேலே தெரிவித்தாக வேண்டும். ஆய்வு அட்டையைப் பர்ஸிலேயே வையுங்கள். மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும் கடும் வலி கணைய அழற்சியாக இருக்கலாம், விடியும் வரை பொறுக்காதீர்கள்.

சென்னை வாசகர்: ஆய்வு முடிந்ததும் மருந்து தருவார்களா?

எல்லாரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது, கேட்பவர்கள் மிகக் குறைவு. ஸ்டெப் 1 முடிந்து ஊசியை நிறுத்தியவர்களில் ஒரு பகுதியினரைத் தொடர்ந்து கவனித்தார்கள். 17.3 சதவீதம் இழந்திருந்தவர்களுக்கு ஒரே வருடத்தில் 11.6 திரும்ப ஏறியது. இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு. மனவுறுதி இல்லாததால் அல்ல. மருந்து போனதும் பசி திரும்புகிறது, எடை குறைந்த உடல் முன்பைவிடக் குறைவாகச் செலவழிக்கிறது.

ஆய்வுக்குப் பின் இலவச மருந்து தானாக வராது. மாற்று சிகிச்சை இல்லாத நிலையில், ஆய்வு மருத்துவர் பரிந்துரைத்து எதிக்ஸ் கமிட்டி ஒப்புக்கொண்டால்தான் ஸ்பான்சர் (ஆய்வை நடத்தும் நிறுவனம்) தர வேண்டும். கடையில் வேறு மருந்துகள் இருக்கும் உடல் பருமனுக்கு இது கடினம். அதனால் கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள்: நீட்டிப்பு ஆய்வு உண்டா? கடைசி ஊசிக்குப் பிறகு எத்தனை வாரம் பார்ப்பீர்கள்? என் முழு ரிப்போர்ட்டும் எனக்குக் கிடைக்குமா? நிறுத்திய பிறகு என்ன சிகிச்சை எடுப்பது என்று உங்கள் குடும்ப மருத்துவரோடு ஆய்வு முடிவதற்கு இரண்டு மாதம் முன்பே பேசிவிடுங்கள்.

வேலூர் வாசகர்: அப்பாவுக்கு பி.எம்.ஐ. 52. தூக்கத்தில் மூச்சு நிற்கிறது. ஆய்வுக்குக் காத்திருக்கலாமா?

வேண்டாம். முதலில் தூக்கப் பரிசோதனை, தேவைப்பட்டால் சி-பேப் (தூக்கத்தில் முகமூடி வழியே காற்றழுத்தம் தரும் கருவி). பேரியாட்ரிக் அறுவை நிபுணரையும் இப்போதே பாருங்கள். ஆய்வு அதன் பிறகு யோசிக்க வேண்டியது.

தஞ்சை வாசகி: பி.சி.ஓ.எஸ். (மாதவிடாயையும் கருமுட்டை வெளியேற்றத்தையும் பாதிக்கும் ஹார்மோன் கோளாறு) இருக்கிறது, குழந்தைக்கு முயல்கிறோம். சேரலாமா அக்கா?

இப்போது முடியாது. கருத்தடை கட்டாயம் என்று எழுதி வாங்குவார்கள். எடை குறையும்போது நின்றிருந்த கருமுட்டை வெளியேற்றம் திரும்பி, எதிர்பாராமல் கரு தங்குவதும் உண்டு. டிர்செபடைட் கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கலாம் என்பதால் காப்பர் டி அல்லது ஆணுறை கேட்பார்கள். செமக்ளூடைட்டை நிறுத்தி இரண்டு மாதமாவது கழித்துத்தான் குழந்தைக்கு முயல வேண்டும்.