விடுதிக்குப் போகும் முன் மகளிடம் ஒப்படைக்க வேண்டியவை

கேள்வி: என் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, இப்போது பிளஸ் டூ தேர்வை முடித்திருக்கிறாள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போகும் முதல் பிள்ளை அவள்தான். பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்க இருக்கிறோம். வெளியூர் விடுதியில் தங்க நேரிடும். ஆங்கிலத்தை நினைத்து இப்போதே பயப்படுகிறாள். விடுமுறையில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்த்துவிட்டால் போதுமா?
– ஒரு வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: சேர்ப்பதில் தவறில்லை. ஆனால் முதல் பருவத்தில் தமிழ் வழி மாணவர்களைத் திணறவைப்பது பேச்சைவிடப் பாடப்புத்தகத்தின் ஆங்கிலம்தான். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளின் முதல் பருவக் கணிதத்தில் அணிகளும் நுண்கணிதமுமே பெரும்பகுதி. அவற்றின் அடிப்படையை உங்கள் மகள் ஏற்கெனவே படித்துவிட்டார். பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக் கணித நூல்களின் ஆங்கில வழிப் பதிப்பை இணையத்தில் இலவசமாகவே பதிவிறக்கலாம். தமிழில் போட்டுப் பழகிய அதே கணக்கை ஆங்கிலப் புத்தகத்தில் தேடியெடுத்து, அணி என்பது மேட்ரிக்ஸ் என்றும், வகையிடல் என்பது டிஃபரன்ஷியேஷன் என்றும், தொகையிடல் என்பது இன்டெக்ரேஷன் என்றும் ஒரு நோட்டில் குறித்தபடி நாள்தோறும் ஒரு மணி நேரம் படிக்கட்டும். விடை தெரிந்த கணக்கு என்பதால் மொழியில் மட்டும் கவனம் வைக்க முடியும். பயமும் அதனாலேயே குறையும்.

இதைவிட முக்கியமானது, இதுவரை அவருக்காக மற்றவர்கள் பார்த்துக்கொண்ட வேலைகளை ஒவ்வொன்றாக அவரிடமே ஒப்படைப்பது. பள்ளியில் ஒரு நாள் வராவிட்டால் வகுப்பாசிரியர் கேட்பார். பொதுத்தேர்வு நெருங்கினால் சிறப்பு வகுப்பு வைத்து உட்காரவைப்பார். கல்லூரியில் 75 சதவீத வருகை குறைந்தால் பருவத் தேர்வு எழுதுவதே சிக்கலாகும், உள்மதிப்பீட்டுத் தேர்வைத் தவறவிட்டால் மதிப்பெண் போகும், ஒரு பாடத்தில் தேறாமல் அரியர் விழுந்தால் அடுத்த பருவத்தின் சுமையோடு அதையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். ஆனால் இவற்றையெல்லாம் பக்கத்தில் நின்று நினைவூட்ட யாரும் இருப்பார்கள் என்று நம்பியிருக்க முடியாது. நன்றாகப் படித்த பிள்ளைகள்கூட முதல் ஆண்டில் சறுக்குவதற்கு, என் பார்வையில், அறிவுக்குறை காரணமல்ல. இந்தப் பழக்கம் இல்லாததே காரணம்.

அந்தப் பழக்கத்தைத் தொடங்கக் கலந்தாய்வே நல்ல இடம். சாதி, வருமானம், முதல் பட்டதாரி ஆகிய சான்றிதழ்களுக்கு இ-சேவை மையத்தில் நீங்கள் உடன் நில்லுங்கள்; விண்ணப்பத்தை அவர் நிரப்பட்டும், அசலையும் நகலையும் அவரே கோப்பில் அடுக்கட்டும். ஓடிபி வரும் கைபேசி எண்ணும் கடவுச்சொல்லும் அவர் பொறுப்பில் இருக்கட்டும். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என 200க்குத் தன் கட்-ஆஃப் எவ்வளவு என்று கணக்கிட்டு, சென்ற ஆண்டு எந்தக் கல்லூரியில் எந்த மதிப்பெண் வரை இடம் கிடைத்தது என்று பார்த்து, விருப்பப் பட்டியலை அவரே எழுத வேண்டும். பிரவுசிங் சென்டரில் யாரோ அவசரமாகப் போட்டுத்தரும் வரிசையில் நான்காண்டுப் படிப்பை முடிவுசெய்வது மிகவும் வருத்தத்துக்குரியது; தயவுசெய்து அதற்கு இடம் கொடுக்காதீர்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கும் அவர் தகுதியானவர். அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது.

பணமும் அப்படியே. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவிகளுக்கான தமிழக அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் மாணவியின் வங்கிக் கணக்குக்கே வரும். ஏடிஎம் அட்டையை அவரிடமே கொடுத்து, செலவை எழுதிவைக்கச் சொல்லுங்கள். முதல் மாதம் கை மீறிச் செலவானால் திட்டாமல், எங்கே போனது என்று சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள்.

விடுதியில் சேர்ந்த முதல் சில வாரங்கள் வீட்டு ஏக்கம் இருக்கும், தொலைபேசியில் அழுவார். உடனே பேருந்து ஏறி அழைத்துவர வேண்டாம், பொறுமையாகக் கேட்டாலே போதும். சீனியர்களின் தொல்லையால் அழுகிறார் என்றால் மட்டும் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி ராகிங் தண்டனைக்குரிய குற்றம். கல்லூரி முதல்வரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். 1800-180-5522 என்ற கட்டணமில்லாத் தேசிய உதவி எண்ணை இப்போதே இருவர் கைபேசியிலும் பதிந்துவையுங்கள்.