ரயில் எர்ணாகுளம் வரைதான். ஃபோர்ட் கொச்சிக்கு எப்படிப் போவது? - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ரயில் டிக்கெட் எடுக்கும்போது 'கொச்சி' என்று தேடினால் 'கொச்சின் ஹார்பர் டெர்மினஸ்' என்று ஒரு பெயர் வருகிறது. ஆனால் அதற்கு வண்டியே காட்டவில்லை. ஃபோர்ட் கொச்சிக்கு எந்த ஸ்டேஷனில் இறங்க வேண்டும்?
- கோவை வாசகர்

பதில்: ஹார்பர் டெர்மினஸை மறந்துவிடுங்கள். அது வெலிங்டன் தீவில் இருக்கும் பழைய துறைமுக ஸ்டேஷன். வழக்கமான பயணிகள் ரயில் எதுவும் இப்போது அங்கே போவதில்லை. நீங்கள் தேட வேண்டிய பெயர் எர்ணாகுளம். அதில் இரண்டு ஸ்டேஷன்கள்: எர்ணாகுளம் ஜங்ஷன் (ஈ.ஆர்.எஸ்.), எர்ணாகுளம் டவுன் (ஈ.ஆர்.என்.). ஊர்க்காரர்கள் இவற்றை 'சவுத்', 'நார்த்' என்றுதான் சொல்வார்கள். ஆட்டோவில் ஏறும்போதும் அப்படிச் சொன்னால்தான் சட்டென்று புரியும்.

ஆலப்புழை வழியாகப் போகும் வண்டிகள் ஜங்ஷனைத் தொட்டுத்தான் போக வேண்டும். கோட்டயம் வழியாகப் போகும் வண்டிகள் ஜங்ஷனுக்குள் வந்தால் எஞ்சினை மறுமுனையில் மாட்டித் திரும்ப வேண்டியிருக்கும். அந்த நேரத்தை மிச்சப்படுத்தப் பல வண்டிகள் டவுனில் மட்டும் நின்றுவிட்டுப் போய்விடும். சென்னை - திருவனந்தபுரம் மெயில் அப்படித்தான். சென்னை - ஆலப்புழை எக்ஸ்பிரஸுக்கு ஜங்ஷன். காரைக்கால் - எர்ணாகுளம் எக்ஸ்பிரஸ் ஜங்ஷனிலேயே முடிகிறது. ஃபோர்ட் கொச்சி காயலுக்கு (உப்பங்கழிக்கு) அந்தப் பக்கம், படகில் கடப்பதுதான் சுருக்கு வழி. எதில் இறங்கினாலும் படகுத்துறைகள் இரண்டு, மூன்று கிலோமீட்டருக்குள்தான். ஸ்டேஷனுக்காக வண்டியை மாற்ற வேண்டியதில்லை.

கேள்வி: சவுத் ஸ்டேஷனில் இறங்கி "ஃபோர்ட் கொச்சி படகு" என்றால் ஒருவர் போட் ஜெட்டி என்கிறார், இன்னொருவர் ஹைகோர்ட் என்கிறார். இரண்டும் ஒன்றா?
- விழுப்புரம் வாசகி

பதில்: இல்லை. புதிதாக வருகிறவர்களில் பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

மெயின் போட் ஜெட்டி என்பது கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறைப் படகுகள் புறப்படும் இடம். சவுத்திலிருந்து சுமார் 2 கிலோமீட்டர். வேலைக்குப் போகிறவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் ஏறும் படகு இதுதான். டிக்கெட் பத்து ரூபாய்க்குள் அடங்கிவிடும், சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். பயணம் சுமார் 20 நிமிடம். ஃபோர்ட் கொச்சியில் கஸ்டம்ஸ் ஜெட்டியில் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து சீன வலைகள் (கரையில் சட்டத்தில் கட்டித் தூக்கும் பெரிய மீன்வலைகள்) இருக்கும் கரைக்குப் பத்து நிமிட நடை.

ஹைகோர்ட் என்றால் வாட்டர் மெட்ரோ. மெயின் ஜெட்டிக்கு வடக்கே சுமார் ஒரு கிலோமீட்டர் தள்ளி, மரைன் டிரைவ் பக்கம். 2023 ஏப்ரலில் வாட்டர் மெட்ரோ தொடங்கியது, ஃபோர்ட் கொச்சிப் பாதை 2024 ஏப்ரலில் வந்தது. மின்கலத்தில் ஓடும், குளிரூட்டிய, 100 பேர் கொள்ளும் படகு. கொச்சிக் கப்பல் கட்டும் தளத்திலேயே கட்டியது. கட்டணம் 40 ரூபாய். இறங்கும் துறை சீன வலைகளுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

ஆகவே ஆட்டோவில் ஏறும்போது வெறுமனே 'ஜெட்டி' என்று சொல்லாதீர்கள். "மெயின் போட் ஜெட்டி" அல்லது "ஹைகோர்ட் வாட்டர் மெட்ரோ" என்று முழுதாகச் சொல்லுங்கள். 2022-இல் அரசு நிர்ணயித்த கட்டணப்படி முதல் ஒன்றரை கிலோமீட்டருக்கு 30 ரூபாய், அதற்குமேல் கிலோமீட்டருக்கு 15. அந்தக் கணக்கில் மெயின் ஜெட்டிக்கு நாற்பதுக்குள், ஹைகோர்ட்டுக்கு ஐம்பதை ஒட்டி வரும்.

இன்னொன்று. இரண்டு இடங்களிலிருந்தும் எதிரே உள்ள வைப்பின் தீவுக்கும் படகு போகும். ஏறுவதற்கு முன் "ஃபோர்ட் கொச்சிக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். தவறி வைப்பினில் இறங்கிவிட்டாலும் பதற வேண்டாம். அங்கிருந்து லாரி, கார், பைக், ஆள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு எதிர்க்கரைக்குப் போகும் ரோ-ரோ படகு இருக்கிறது. காயல் கடலில் சேரும் வாயைக் குறுக்கே கடந்து சில நிமிடங்களில் ஃபோர்ட் கொச்சியில் விட்டுவிடும்.

கேள்வி: 'மெட்ரோ' இருக்கிறதே, ஸ்டேஷனிலிருந்து நேராக மெட்ரோ ரயிலிலேயே போக முடியாதா?
- சேலம் வாசகர்

பதில்: முடியாது. மெட்ரோ ரயில் ஆலுவாவுக்கும் திருப்பூணித்துறைக்கும் இடையே ஓடுகிறது. காயலைத் தாண்டாது. சவுத்தில் ஏறி மகாராஜாஸ் காலேஜில் இறங்கினாலும் மெயின் ஜெட்டிக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டும். பெட்டி இல்லாவிட்டால் நடக்கலாம். இரண்டு பேருக்கு மேல் என்றால் ஆட்டோவே லாபம்.

கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் வலி. படகில் ஏறி இறங்க முடியுமா? கார் வைத்துக்கொள்வதே நல்லதா?
- மதுரை வாசகி

பதில்: வாட்டர் மெட்ரோவில் தாராளமாக அழைத்துப் போகலாம். அதன் துறை மிதவைமேடை. ஓதம் (கடல்நீர் மட்டம்) ஏறினால் மேடையும் ஏறும், வற்றினால் மேடையும் தாழும், அதனால் படகின் தரையும் மேடையும் எப்போதும் ஒரே மட்டத்தில் இருக்கும். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டே உள்ளே போய்விடலாம்.

அரசுப் படகில் அப்படி இல்லை. துறை சிமென்ட் மேடை, படகு தண்ணீரோடு உயர்ந்து தாழும். வற்றின நேரத்தில் படகு ஓர் அடி இறங்கி நிற்கும். விளிம்பில் கால் வைத்து, உள்ளே ஒரு படி இறங்கி, ஆடுகிற தரையில் நிலைகொள்ள வேண்டும். ஊழியர் கைகொடுப்பார், ஆனால் கூட்டம் பின்னாலிருந்து நெருக்கும். முழங்கால் வலிக்காரருக்கு அது வேண்டாம்.

சாலைவழி சுமார் 13 கிலோமீட்டர். தேவரா, தோப்பும்படி வழியாகச் சுற்றிக்கொண்டு போகும். பாலத்தருகில் மாட்டிக்கொண்டால் ஒரு மணி நேரமும் ஆகும். காயலில் நேர்கோட்டில் 20 நிமிடத்தில் கடக்கிற தூரம் அது. அம்மாவுக்கு ஸ்டேஷனிலிருந்து ஹைகோர்ட் வரை ஆட்டோ, பிறகு வாட்டர் மெட்ரோ என்பதே எங்கள் யோசனை.

கேள்வி: எங்கள் ரயில் விடியற்காலை மூன்றரைக்குச் சேர்கிறது. இரண்டு பெரிய பெட்டி, கைக்குழந்தை. என்ன செய்வது?
- ஈரோடு வாசகி

பதில்: அந்த நேரத்தில் வாட்டர் மெட்ரோ கிடையாது. ஃபோர்ட் கொச்சியில் தங்கும் இடம் பதிவு செய்து, அவர்கள் அந்நேரத்தில் கதவு திறப்பதாக ஒப்புக்கொண்டிருந்தால், டாக்சி பிடித்து நேரே போய்விடுங்கள். ஆட்டோ என்றால் மீட்டர் கணக்கில் பகலில் 200 ரூபாயை ஒட்டி வரும். இரவு 10 மணியிலிருந்து காலை 5 வரை அதோடு பாதி கூடும், அதாவது 300. ஏறுவதற்கு முன் மீட்டரா, பேசிய தொகையா என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஒரே நாள் பயணம் என்றால் காத்திருப்பு அறையில் விடியும்வரை இருந்துவிட்டு, பெட்டிகளை ஜங்ஷனின் பொருள் வைப்பறையில் போடுங்கள். பூட்டில்லாத பையை அங்கே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வெறும் துணிப்பை, ஜிப் பழுதான பையோடு போய்த் திரும்பி வருகிறவர்கள் நிறைய. சிறு பூட்டு இரண்டு கொண்டுபோங்கள். ரயில் டிக்கெட்டையும் அடையாள அட்டையையும் கையில் வையுங்கள்.

கேள்வி: ஒரே நாளில் ஃபோர்ட் கொச்சியும் மட்டாஞ்சேரியும் பார்க்க எந்த வரிசை நல்லது? எந்த நாளில் போகக்கூடாது?
- திருச்சி வாசகர்

பதில்: முதலில் கிழமை. மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளி விடுமுறை. பரதேசி யூத ஆலயம் சனிக்கிழமை மூடியிருக்கும், வெள்ளி மதியத்துக்குமேலும் உள்ளே விட மாட்டார்கள். ஆகவே வெள்ளியும் சனியும் வேண்டாம். ஞாயிறு காலையில் புனித ஃபிரான்சிஸ் தேவாலயத்தில் ஆராதனை நடக்கும், சுற்றிப் பார்க்க இயலாது. திங்கள் முதல் வியாழன் வரை ஏதாவது ஒரு நாள் எடுத்துக்கொள்ளுங்கள்.

வரிசை: மட்டாஞ்சேரி முதலில், ஃபோர்ட் கொச்சி பிறகு. அரண்மனையும் ஆலயமும் நேரத்துக்குத் திறந்து மூடும் இடங்கள். கடற்கரைக்கும் வலைகளுக்கும் கதவு இல்லை. 2025 அக்டோபரில் மட்டாஞ்சேரியிலும் வாட்டர் மெட்ரோ துறை திறந்துவிட்டார்கள். காலையில் நேரே அங்கே இறங்கினால் அரண்மனை கூப்பிடு தூரம். 1555-இல் போர்ச்சுகீசியர் கட்டிக்கொடுத்து, பிறகு டச்சுக்காரர் பழுதுபார்த்ததால் 'டச்சு அரண்மனை' என்று பெயர் ஒட்டிக்கொண்டது. உள்ளே ராமாயணச் சுவரோவியங்களுக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள், ஓடிக்கொண்டே பார்க்கிற ஓவியங்கள் அல்ல அவை. அடுத்த தெருவில் 1568-ஆம் ஆண்டு யூத ஆலயம். செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள். தரையில் பதித்திருக்கும் நீலவெள்ளைச் சீன ஓடுகளைக் குனிந்து பாருங்கள், எல்லாமே கையால் வரைந்தவை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஃபோர்ட் கொச்சிக்கு ஆட்டோ, மூன்று கிலோமீட்டருக்குள்தான். "ஐம்பது ரூபாய்க்கு எல்லா இடமும் காட்டுகிறேன்" என்று யாராவது கூப்பிட்டால், நடுவில் இரண்டு மூன்று கடைகளில் இறக்குவார் என்று அர்த்தம். கடை வேண்டாம் என்று ஏறும்போதே சொல்லிவிட்டு, மீட்டருக்குப் போங்கள்.

மாலையில் சீன வலை. மூங்கிலும் தேக்குமாகக் கட்டிய அந்தப் பெரிய சட்டத்தின் பின்புறத்தைக் கவனியுங்கள். கயிற்றுக்குக் கயிறு பாறைக்கற்கள் தொங்கும். வலையின் பாரத்துக்கு ஈடு அவைதான். அந்தக் கற்கள் இருப்பதால்தான் நாலைந்து பேர் சேர்ந்து அத்தனை பெரிய வலையைத் தூக்க முடிகிறது. கயிறு இழுக்க உங்களையும் கூப்பிடுவார்கள். இழுத்தால் பணம் கேட்பார்கள், எவ்வளவு என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

கேள்வி: அங்கே தமிழ்ச் சலவைத் தொழிலாளர்கள் இருக்கிறார்களாமே?
- திருநெல்வேலி வாசகர்

பதில்: ஆமாம். வெளி என்ற பகுதியில் இருக்கும் டோபிகானா. டச்சுக்காரர் காலத்தில் படையினரின் துணி வெளுக்கத் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து கொண்டுவரப்பட்ட வண்ணார் குடும்பங்களின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே துவைக்கிறார்கள். தமிழில் பேசலாம். வலைக்கரையிலிருந்து ஆட்டோவில் ஐந்து நிமிடம். காலையில் போனால் வரிசையான தொட்டிகளில் துவைப்பதையும், வெயில் ஏறியபின் போனால் உலர்த்துவதையும் பார்க்கலாம். கொடியில் கிளிப் இருக்காது. முறுக்கிய கயிற்றின் பிரிகளுக்கிடையே துணியின் முனையைச் செருகிவிடுவார்கள், காற்றுக்கு அசையாது. அது அவர்கள் பிழைப்பு நடக்கும் இடம், கேட்டுவிட்டுப் படம் எடுங்கள்.

கேள்வி: இரவு 8 மணிக்கு சவுத்தில் ரயில். சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால் போதுமா?
- சென்னை வாசகர்

பதில்: விடுமுறை நாளில் போதாது. சூரியன் விழுந்ததும் கடற்கரையில் இருந்த கூட்டம் மொத்தமும் ஒரே துறைக்கு வரும். வாட்டர் மெட்ரோவில் 100 பேர் ஏறியதும் வாயில் தானாக அடைந்துவிடும், அதற்குமேல் ஒருவரையும் ஏற்ற மாட்டார்கள். உங்கள் முறை இரண்டாவது படகிலா மூன்றாவதிலா என்று தெரியாது. பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்: ஸ்டேஷனில் 7.30-க்கு இருக்க வேண்டும், ஆட்டோவுக்கு 20 நிமிடம், படகுக்கு 20, வரிசைக்கு 40. ஆக, 6.10-க்குத் துறையில் நிற்க வேண்டும். அந்தியை முழுதாகப் பார்க்க ஆசை என்றால் பத்து மணிக்குமேல் ஓடும் ரயிலில் டிக்கெட் எடுங்கள்.

மழைக்காலத்தில் இன்னும் அரை மணி கூட்டுங்கள். பலத்த காற்று அடித்தால் படகை நிறுத்துவார்கள். வேம்பநாட்டுக் காயலிலிருந்து ஆகாயத்தாமரை அடர்ந்து ஒதுங்கினால் படகை உந்தும் விசிறியில் சிக்கிப் படகு நடுவழியில் திணறும். டிசம்பர் 31 அன்று பப்பாஞ்ஞி (பழைய ஆண்டைக் குறிக்கும் பெரிய கிழவர் பொம்மை) எரிப்பதைப் பார்க்க லட்சக்கணக்கில் கூடுவார்கள், சாலையும் அடைபடும். அன்றிரவு ரயில் பிடிக்கும் திட்டமே வைக்காதீர்கள். அங்கேயே தங்கிவிட்டு மறுநாள் காலைப் படகில் திரும்புங்கள்.