ஐ.எஸ்.எம்.பி. 300 பீம் ஃபிளாஞ்சில் 20 மி.மீ. போல்ட்டுக்கு ஓட்டைகளை எவ்வளவு இடைவெளியில் போட வேண்டும்?

ஐ.எஸ்.எம்.பி. 300 என்பது 300 மி.மீ. உயரமுள்ள ‘I’ வடிவ இரும்பு பீம். மேலும் கீழும் படுக்கையாக இருக்கும் தகடு ஃபிளாஞ்ச், நடுவே நிற்கும் தகடு வெப். நீளவாக்கில் என்றால் பதில் சுலபம். எஃகுக் கட்டுமானத்துக்கான இந்திய விதிநூல் ஐ.எஸ். 800:2007 படி, போல்ட் விட்டத்தைப் போல் இரண்டரை மடங்குக்குக் குறையக் கூடாது. 20-க்கு 50 மி.மீ. நான் 60 வைப்பேன், ஸ்பானர் தாராளமாகச் சுற்றும். உங்கள் பீமில் சிக்கல் அகலவாக்கில்தான்.

ஃபிளாஞ்ச் அகலம் 140. வெப்புக்கு இந்தப் பக்கம் ஒரு வரிசை, அந்தப் பக்கம் ஒரு வரிசை. இரண்டு வரிசைக்கும் நடுவே உள்ள தூரம், அதாவது கேஜ், 80 என்று கையேட்டில் இருக்கும். மீதி 60-ஐப் பாதியாக்கினால் விளிம்புக்கு 30. ஆனால் 20 போல்ட்டுக்கு ஓட்டை 22. ரோலிங்கில் வந்த விளிம்புக்கே அதைப்போல் ஒன்றரை மடங்கு, அதாவது 33 வேண்டும். 3 மி.மீ. பற்றவில்லை.

கேஜை 74 ஆக்கலாமே என்று தோன்றும். நானும் ஒரு ஷெட் வேலையில் அப்படித்தான் ஒத்துக்கொண்டேன். வெப்பும் ஃபிளாஞ்சும் சேருகிற வளைவு, வெப்பின் மையத்திலிருந்து ஏறக்குறைய 18 மி.மீ. வரை வருகிறது. கேஜ் 74 என்றால் போல்ட் நிற்பது அந்த மையத்திலிருந்து 37-இல். 37 மி.மீ. விட்டமுள்ள வட்ட வாஷரே அந்த வளைவில் மயிரிழையில்தான் தப்பும். அதோடு இந்த பீமின் ஃபிளாஞ்ச் உள்பக்கம் சரிவு, வெப்போடு 98 டிகிரி. அந்தச் சரிவை ஈடுகட்ட, ஒரு பக்கம் தடித்த டேப்பர் வாஷர் போட்டே ஆக வேண்டும். அது சதுரம், இன்னும் இடம் கேட்கும். எங்களுக்கு வாஷர் வளைவின் மேல் ஏறி நின்றுவிட்டது. நட்டை முறுக்க முறுக்க போல்ட் வளைந்ததே தவிர தகடு சேரவில்லை. அத்தனையும் கழற்றினோம்.

அதனால் என் பதில்: 16 மி.மீ. போல்ட்டுக்கு மாறுங்கள். ஓட்டை 18, விளிம்புக்கு வேண்டியது 27, இருப்பது 30. கேஜ் 80 அப்படியே நிற்கும். எண்ணிக்கை மட்டும் கூடும். ஒரே கிரேடில் நான்கு 20 போல்ட் செய்கிற வேலைக்கு எட்டு 16 போல்ட் வைத்துக்கொள்ளுங்கள். 20-தான் வேண்டும் என்றால் அகல ஃபிளாஞ்ச் உள்ள செக்‌ஷனுக்குப் போங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இழுவிசை வருகிற ஃபிளாஞ்சில் இரண்டு 22 ஓட்டை போட்டால் 140-இல் மிஞ்சுவது 96, அதாவது 69 சதவீதம். சாதாரண 250 கிரேடு இரும்புக்கு 77 சதவீதத்துக்கு மேல் மிஞ்சினால்தான் ஓட்டையைக் கணக்கில் விட்டுவிடலாம். 18 ஓட்டைக்குக்கூட 74-தான் வரும். நடு ஸ்பானில் கீழ் ஃபிளாஞ்சில் போடுவதாக இருந்தால், குறைந்த ஃபிளாஞ்ச் பரப்பை வைத்து பீம் வளைவதைத் தாங்கும் திறனைத் திரும்பக் கணக்கிட்டு, அதன் பிறகே டிரில்லிங்குக்கு டிராயிங்கை அனுப்புங்கள்.