பிரவுசரில் மூலக்கூறு வரைந்து தேடும் கருவி: கேள்வி பதில்

கேள்வி: எல்-அலனின் வரைந்து தேடினால் டி-அலனின் வருகிறது. திரையில் வெட்ஜ் (பிணைப்பு நம்மை நோக்கி வருவதைக் காட்டும் ஆப்பு வடிவக் கோடு) சரியாகத்தான் இருக்கிறது. எங்கே தப்பு மேடம்?

பதில்: ஒய் அச்சில். கேன்வாஸில் (பிரவுசரின் வரைபரப்பில்) ஒய் மேலிருந்து கீழே கூடும். மோல் ஃபைலில் (அணுக்களின் இடத்தையும் பிணைப்புகளையும் வரிவரியாக எழுதும் கோப்பில்) கீழிருந்து மேலே கூடும். எண்களை அப்படியே எழுதினால் படம் கவிழ்ந்துவிடும், வெட்ஜ் மட்டும் மாறாது. கிடைப்பது எதிர் ஐசோமர், அதாவது கண்ணாடிப் பிம்ப வடிவம். எழுதும்போதும் படிக்கும்போதும் ஒய்யை −1ஆல் பெருக்குங்கள். இரண்டு இடத்திலும் விட்டுப்போயிருந்தால், உங்கள் எடிட்டர் தான் எழுதியதைத் தானே சரியாகப் படித்துவிடும். பிழை கண்ணில் படவே படாது. அதனால் ஃபைலை ஆர்டிகிட் என்ற வேதியியல் மென்பொருள் நூலகத்திடம் கொடுத்துச் சோதியுங்கள்: எல்-அலனினுக்கு ‘எஸ்’ என்ற இடவமைப்புக் குறி வர வேண்டும்.

வெட்ஜின் கூர்முனையில் இருக்கும் அணுதான் மோல் ஃபைலின் பிணைப்பு வரியில் முதலில் வர வேண்டும். சின்ன எண் முன்னால் வரட்டும் என்று அடுக்கினால் அந்த வெட்ஜ் வேறு அணுவுக்குப் போய்விடும்.

கேள்வி: அசிட்டோநைட்ரைல் தேடினால் ஈத்தேன் வருகிறதே?

பதில்: ஸ்மைல்ஸை (மூலக்கூறை ஒரே வரி எழுத்துகளாக எழுதும் குறிமுறை) என்கோட் செய்யாமல் யூஆர்எல்லில் ஒட்டியிருக்கிறீர்கள். முப்பிணைப்புக்கான # குறிக்குப் பின்னால் உள்ள எதையும் பிரவுசர் சர்வருக்கு அனுப்பாது. மிஞ்சுவது இரண்டு கார்பன். # என்பது %23 ஆகவும், + என்பது %2பி ஆகவும் போக வேண்டும், இல்லாவிட்டால் நேர்மின் சுமையைக் காட்டும் + குறி வெற்று இடைவெளியாகிவிடும். யூஆர்எல்லில் ஒட்டாமல், போஸ்ட் கோரிக்கையில் மோல் ஃபைலையே அனுப்புவது நல்லது. ஆனால் அதை டிரிம் செய்யாதீர்கள், அதாவது முன்னும் பின்னும் உள்ள காலி இடங்களை வெட்டாதீர்கள். முதல் மூன்று வரிகள் தலைப்புக்கு உரியவை, அவற்றில் காலி வரிகளும் இருக்கலாம். அவை போனால் நான்காம் வரியில் இருக்க வேண்டிய அணு எண்ணிக்கை மேலேறி, ஃபைலே படிக்க முடியாததாகிவிடும்.

கேள்வி: சப்ஸ்ட்ரக்சர் தேடலை (வரைந்த துண்டைத் தன்னுள் கொண்ட சேர்மங்களைத் தேடுவதை) வேகப்படுத்த மோர்கன் ஃபிங்கர்பிரின்ட் (மூலக்கூறின் அமைப்பைச் சுருக்கிச் சொல்லும் பிட் வரிசை) வைத்தோம். சில விடைகள் காணாமல் போகின்றன.

பதில்: போகத்தான் செய்யும். ஃபீனாலை வரைந்தால், ஹைட்ரஜனைக் கட்டாயப்படுத்தாதவரை, அனிசோலும் விடையில் வர வேண்டும். ஆனால் மோர்கன் கணக்கில் ஒவ்வொரு அணுவின் ஹைட்ரஜன் எண்ணிக்கையும் அண்டை அணுக்களும் சேரும். ஃபீனால் ஆக்சிஜனுக்கு ஒரு ஹைட்ரஜன், அனிசோல் ஆக்சிஜனுக்கு இல்லை. பிட் பொருந்தாமல் அனிசோல் முதல் சல்லடையிலேயே கழிந்துவிடும். மோர்கனை ஒப்புமைத் தேடலுக்கு வையுங்கள். சப்ஸ்ட்ரக்சருக்கு ஆர்டிகிட்டின் பேட்டர்ன் ஃபிங்கர்பிரின்ட் இருக்கிறது. அதில் தேறியவற்றை அணு அணுவாகப் பொருத்திப் பார்க்க வேண்டும். விடை மெதுவாக வந்தால் பொறுத்துக்கொள்ளலாம். வர வேண்டிய சேர்மம் வராமல் போனால் அந்தத் தேடலை ஆய்வாளர் எப்படி நம்புவார்?

கேள்வி: பென்சீனை ஒற்றை, இரட்டைப் பிணைப்பாக வரைய விடலாமா?

பதில்: தாராளமாக. வளையம் அரோமேட்டிக்கா (எலக்ட்ரான்கள் வளையம் முழுவதும் பரவியதா) என்பதைச் சர்வர் முடிவு செய்யட்டும். வினாவுக்கும் தரவுத்தளத்துக்கும் ஒரே டூல்கிட், ஒரே பதிப்பு. நைட்ரோ தொகுதியை மின்சுமையுடனும் மின்சுமை இல்லாமலும் எழுதும் இரு வடிவங்களுக்கும் இதே விதிதான்.

கேள்வி: போனில் விரல் வைத்தால் பக்கம் நகர்கிறது, அணு சிக்கவில்லை.

பதில்: கேன்வாஸுக்கு ‘டச்-ஆக்‌ஷன்: நன்’ கொடுங்கள், பாயின்ட்டர் ஈவென்ட்டுகளைப் பயன்படுத்துங்கள். பிணைப்பு நீளம் 40 பிக்சல் என்றால் அணுவைச் சுற்றி 15 பிக்சல் வரை தொட்டால் அணு; மீதிதான் பிணைப்பு. புதுப் பிணைப்பு 120 பாகையில் தானாக நீளட்டும்.

கேள்வி: இதையெல்லாம் நாமே எழுதத்தான் வேண்டுமா?

பதில்: தேவையில்லை. எளிய தேடல் பெட்டிக்கு ஜேஎஸ்எம்இ என்ற ஆயத்த எடிட்டர் போதும். அணுப் பட்டியல் (ஓரிடத்தில் பட்டியலில் உள்ள எந்த அணுவும் இருக்கலாம் என்பது) போன்ற வினா வசதிகள் வேண்டுமென்றால் கெட்சர் எடிட்டர். இரண்டும் திறமூலம். எதை எடுத்தாலும் அலனின், அசிட்டோநைட்ரைல் சோதனைகளை ஓட்டிவிட்டு வெளியிடுங்கள்.