மூன்று ரூபாய் எஸ்.எம்.எஸ்.: வானொலிப் போட்டியில் எது நியாயம்?

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறோம். என் மாமியாருக்கு வயது 68. விடிந்தால் சமையலறை ஜன்னலில் வானொலி பாடத் தொடங்கிவிடும். சென்ற மாதம் ஒரு தனியார் எஃப்.எம். நிலையம் ‘இது என்ன சத்தம்?’ என்று ஒரு போட்டி நடத்தியது. இரண்டு விநாடி சத்தம் ஒன்றைப் போடுவார்கள். அது எதனுடையது என்று ஐந்து இலக்க எண்ணுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்ப வேண்டும். பரிசு 25,000 ரூபாய். ஒரு எஸ்.எம்.எஸ்.ஸுக்குக் கட்டணம் 3 ரூபாய். தினமும் 100 எஸ்.எம்.எஸ். இலவசம் என்று பேக்கில் போட்டிருப்பதால் இதுவும் அதில் சேரும் என்று அத்தை நினைத்துவிட்டார். 17 நாளில் 71 அனுப்பியிருக்கிறார். நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் விடைகளை வரிசையாக எழுதி, அனுப்பியதை அடித்து வைத்திருக்கிறார்: கோலி சோடா உடைப்பது, குக்கர் வெயிட்டைத் தூக்குவது, பழைய தாழ்ப்பாள், தையல் மிஷின் பெடல்... கடைசியில் ஒரு நாள் “புதுவை நேயர் ஒருவர் வென்றுவிட்டார்” என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டைப் போட்டுவிட்டார்கள். பெயரையும் சொல்லவில்லை, விடையையும் சொல்லவில்லை. இது நியாயமா? பணம் திரும்பக் கிடைக்குமா? – ஒரு மருமகள்

பதில்: பணத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 213 ரூபாய் திரும்பி வருவது கடினம். அனுப்பியது அவரே, கட்டணமும் எங்கோ ஓரிடத்தில் சொல்லப்பட்டிருக்கும். பேக்கில் உள்ள 100 எஸ்.எம்.எஸ். சாதாரண எண்களுக்கு மட்டும்தான். போட்டிக்கான ஐந்து இலக்க எண்களுக்கு அனுப்பினால் மெயின் பேலன்ஸிலிருந்து தனியாகக் கழியும். உடனே செய்ய வேண்டியது ஒன்று உண்டு: கட்டணமில்லா 155223 எண்ணை அழைத்து, அவருடைய எண்ணில் ஏதாவது சந்தாச் சேவை ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதே அழைப்பில் நிறுத்தச் சொல்லலாம். உங்கள் சம்மதம் இல்லாமல் தொடங்கிய சேவை என்றால், தொலைபேசி நிறுவனத்தின் புகார் எண்ணான 198-ல் புகார் கொடுத்துப் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பணத்தை வாதாடி வாங்க முடியும்.

அந்த நாள்காட்டித் தாளை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நாள், விடை, எண்ணிக்கை எல்லாம் அதில் இருக்கின்றன. வழக்கறிஞர் தயாரித்தாலும் இதைவிட நல்ல பட்டியல் கிடைக்காது.

இனி நியாயத்துக்கு வருகிறேன். 25,000 ரூபாய்ப் பரிசை ஈடுகட்ட மூன்று ரூபாய் எஸ்.எம்.எஸ். 8,334 வந்தால் போதும். உங்கள் மாமியாரைப் போல 71 அனுப்புகிறவர்கள் 118 பேர். தொலைபேசி நிறுவனமும், நடுவில் அந்த எண்ணை நடத்துகிறவர்களும் பங்கு எடுத்துக்கொள்வார்கள் என்பதால் அதை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள், 236 பேர். கடலூரிலும் புதுவையிலுமாக அத்தனை பேர் கிடைக்கமாட்டார்களா? இப்படிப் பணம் சேர்ப்பதையே குற்றம் என்று நான் சொல்லவில்லை. மூன்று ரூபாய்க்கு ஒரு காலைப்பொழுது சுவாரசியமாகப் போனால், டீயைவிட மலிவு. எத்தனை பேர் கலந்துகொள்கிறார்கள், வென்றவர் எப்படித் தேர்ந்தெடுக்கப்படுகிறார் என்ற இரண்டையும் மறைத்துவிட்டு வாய்ப்பை விற்கிறார்களே, என் கோபம் அதன்மேல்தான்.

வானொலியில் இது இன்னும் மோசம். தொலைக்காட்சியில் கட்டணம் பொடி எழுத்திலாவது ஓடும். வானொலியில் அது காற்றோடு போய்விடும். ஒரு முறை புதுவைப் பேருந்து நிலையத்து டீக்கடையில் இப்படி ஓர் அறிவிப்பைக் கேட்டேன். பரிசைச் சொல்ல அரை நிமிடம் எடுத்துக்கொண்ட அதே குரல், கட்டணத்தையும் நிபந்தனைகளையும் ஒரே மூச்சில் ஏலக்காரரைப் போலச் சொல்லி முடித்தது. அடுத்த முறை ஒலிபரப்பானபோது கைபேசியில் பதிவு செய்து, மூன்று தடவை ஓட்டிக் கேட்ட பிறகுதான் எவ்வளவு என்று எனக்குப் பிடிபட்டது. கூடுதல் கட்டணச் சேவைகளின் விளம்பரங்களில் கட்டணத்தைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2005-லேயே தொலைபேசி நிறுவனங்களுக்கு உத்தரவிட்டிருக்கிறது. காதில் விழும்படி சொன்னால்தானே அது சொன்னதாகும்?

அறிவிப்பாளர் “நெருங்கிவிட்டீர்கள், நெருங்கிவிட்டீர்கள்!” என்று சொல்லியிருப்பாரே? அந்த ஒரு சொல்தான் 71-ஐ வரவழைத்தது. வந்த விடைகள் எல்லாம் நிலையத்தின் கையில். எதை ஒலிபரப்பில் வாசிப்பது என்பது அவர்கள் விருப்பம். இதில் என்ன நடக்கலாம் என்பதற்கு பிரிட்டனில் ஒரு கதை இருக்கிறது. அங்கே ஜிகேப் என்ற நிறுவனத்தின் 30 வானொலி நிலையங்களில் 2007 ஜனவரியில் இதே போன்ற ‘ரகசியச் சத்தம்’ போட்டி ஓடியது, அதுவும் கூடுதல் கட்டண வழியில்தான். போட்டியை இழுத்துக்கொண்டு போவதற்காக, தவறான விடை சொன்னவர்களாகப் பார்த்து வேண்டுமென்றே ஒலிபரப்பில் பேசவைத்தார்கள். சரியான விடை சொன்னவர்கள் ஓரங்கட்டப்பட்டார்கள். ஆஃப்காம் என்ற கண்காணிப்பு அமைப்பு 2008-ல் 11.1 லட்சம் பவுண்டு அபராதம் போட்டது. அதே ஆண்டு பிபிசிக்கு 4 லட்சம் பவுண்டு அபராதம். முன்பே பதிவு செய்த நிகழ்ச்சியை நேரலை என்று ஒலிபரப்பி, ஊழியர்களையே நேயர்களாகப் பேசவைத்ததும் அதற்கான காரணங்களில் ஒன்று. உங்கள் நிலையமும் அப்படிச் செய்தது என்று நான் சொல்லவரவில்லை. செய்தாலும் நமக்குத் தெரியவராது என்பதுதான் சிக்கல்.

நம் நாட்டில் இது நீதிமன்றம் வரை போன கதையும் உண்டு. 2007-ல் ‘கௌன் பனேகா குரோர்பதி’ நிகழ்ச்சியோடு நேயர் போட்டி ஒன்று நடந்தது. ஒரு எஸ்.எம்.எஸ். 2 ரூபாய் 40 காசு, ஒவ்வொரு நாளும் 2 லட்சம் ரூபாய் பரிசு. பரிசு இலவசம் என்ற தோற்றத்தைக் கொடுத்து, எஸ்.எம்.எஸ். காசிலிருந்தே அதைக் கொடுக்கிறார்கள் என்று ஒரு நுகர்வோர் அமைப்பு வழக்குப் போட்டது. தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் ஸ்டார் இந்தியாவுக்கும் ஏர்டெல்லுக்கும் ஒரு கோடி ரூபாய் தண்டத்தொகை விதித்தது. ஆனால் 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது. எஸ்.எம்.எஸ். வருமானத்திலிருந்துதான் பரிசு கொடுக்கப்பட்டது என்பதற்கு ஆதாரம் இல்லை என்றது. கணக்குப் புத்தகம் நிலையத்தின் பீரோவுக்குள் இருக்கும்போது ஆதாரத்துக்கு வெளியில் நிற்கும் நேயர் எங்கே போவார் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

உங்கள் விஷயத்தில் அதைவிட உறுதியான பிடி ஒன்று இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47) பிரிவு, பரிசுத் திட்டம் முடிந்த பின் இறுதி முடிவைக் கலந்துகொண்டவர்களுக்குத் தெரிவிக்காமல் வைத்துக்கொள்வதையே முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. திட்டத்தை விளம்பரம் செய்த அதே செய்தித்தாளில், நியாயமான காலத்துக்குள், கண்ணில் படும்படி முடிவை வெளியிட்டால் தெரிவித்ததாகக் கொள்ளப்படும். வானொலிக்கு இதை எப்படிப் பொருத்துவது? என்னைக் கேட்டால், எந்த அலைவரிசையில் எந்த நேரத்தில் கூவி அழைத்தார்களோ, அதே நேரத்தில் வென்றவர் யார், சரியான விடை எது என்று சொல்ல வேண்டும். “புதுவை நேயர் ஒருவர்” என்பது முடிவே அல்ல.

ஆகவே நிலையத்துக்கு உங்கள் மாமியார் பெயரில் ஒரு கடிதம் எழுதி ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். சரியான விடை என்ன, அது முதன்முதலில் எந்தத் தேதியில் வந்து சேர்ந்தது, வென்றவர் எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்று மட்டும் கேளுங்கள். அந்த இரண்டாவது கேள்விதான் முக்கியம். சரியான விடை மூன்றாம் நாளே வந்திருந்து, போட்டி 17 நாள் ஓடியிருந்தால், மிச்சம் 14 நாள் எதற்காக என்று அவர்கள் விளக்க வேண்டியிருக்கும். பதில் வரவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியலாம். நிலையம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. 213 ரூபாய்க்காக அலையச் சொல்லமாட்டேன், ஆனால் கடிதம் அவசியம் போக வேண்டும்.

கேள்வி: “தமிழ்நாட்டின் தலைநகர் எது? சென்னையா, மும்பையா?” என்று கேட்டு எஸ்.எம்.எஸ். அனுப்பச் சொல்கிறார்கள். இது வேறு பெயரில் லாட்டரிதானே? – நெல்லிக்குப்பம் வாசகர்

பதில்: சந்தேகம் நியாயமானதே. தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டு விற்பனை 2003 ஜனவரியிலிருந்து தடைசெய்யப்பட்டிருக்கிறது. பரிசுப் போட்டிகளுக்கென 1955-ல் தனிச் சட்டமே வந்தது. ஆனால் கணிசமான திறமை தேவைப்படும் போட்டிகளை அது தொடாது என்று உச்ச நீதிமன்றம் 1957-ல் சொன்னது. அதனால்தான் பெயருக்கு ஒரு கேள்வியைக் கேட்கிறார்கள். எல்லோருக்கும் தெரிந்த விடை என்றால் மிஞ்சுவது குலுக்கல் மட்டுமே. சட்டம் அதற்கு என்ன பெயர் வைத்தாலும், மூன்று ரூபாய்க்குச் சீட்டு வாங்குகிறோம் என்று நினைத்துக்கொண்டே அனுப்புங்கள் அல்லது விட்டுவிடுங்கள்.

கேள்வி: வானொலிப் போட்டியில் பைக் விழுந்திருக்கிறது, 30 சதவீத வரியாக 24,000 ரூபாயை முதலில் யு.பி.ஐ.யில் அனுப்பு என்று என் மகனுக்குப் போன் வந்தது. உண்மையாக இருக்குமா? – முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: முதலில் மகனிடம் கேளுங்கள்: அந்தப் போட்டிக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினானா? அனுப்பவில்லை என்றால் விஷயம் அங்கேயே முடிந்தது.

அனுப்பியிருந்தால் கொஞ்சம் கவனம் வேண்டும். ஏனென்றால் பொய்யில் பாதி உண்மை கலந்திருக்கிறது. 10,000 ரூபாய்க்கு மேல் பரிசு என்றால் 30 சதவீத வரிப்பிடித்தம் உண்டு. ரொக்கப் பரிசில் அதைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள், நம்மை அனுப்பச் சொல்லவே மாட்டார்கள். பைக், டிவி போன்ற பொருளாக இருந்தால், வரி கட்டப்பட்டதா என்று பார்த்த பிறகே பொருளை ஒப்படைக்க வேண்டும் என்பது பரிசு கொடுப்பவரின் பொறுப்பு. ஆகவே உண்மையான நிறுவனமும் வரியைக் கேட்கலாம். ஆனால் அது பான் எண்ணைக் கேட்கும், எழுத்தில் கேட்கும், கட்டிய வரி உங்கள் வருமான வரிக் கணக்கில் தெரியும். தனிநபர் ஒருவரின் யு.பி.ஐ. எண்ணுக்கு அனுப்பு, இன்று மாலைக்குள் அனுப்பு என்றால் மோசடி. நிலையத்தின் அலுவலக எண்ணை நீங்களே தேடி எடுத்துப் பேசுங்கள், அழைப்பு வந்த எண்ணுக்குத் திரும்பக் கூப்பிடாதீர்கள். பணம் ஏற்கெனவே போயிருந்தால் இந்தப் பத்தியைப் படித்து முடிப்பதற்கு முன்பே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழைத்துவிடுங்கள்.