அச்சோவியமும் எதிர்பாராமையும் – கடிதம்

வணக்கம். நான் அச்சோவியம் பயிலும் மாணவி: உலோகத் தகட்டை அமிலத்தால் அரித்து, அந்தப் பள்ளங்களில் மை ஏற்றித் தாளில் அச்சிடுவோம். அண்மையில் ஒரு துத்தநாகத் தகட்டில் அமிலத்தைத் தடுக்கும் காப்புப் பூச்சு ஓரிடத்தில் விட்டுப்போனதால், நான் நினைக்காத இடத்தில் அமிலம் அரித்துவிட்டது. தாளில் படி எடுத்துப் பார்த்தபோது அங்கே சொரசொரப்பான ஒரு கரும்பரப்பு வந்திருந்தது. படத்திலேயே சிறந்த பகுதி அதுதான் என்கிறார்கள் நண்பர்கள். என் கை செய்யாத ஒன்றின் கீழ் நான் எப்படிக் கையெழுத்திடுவது? தற்செயலை ஏற்றுக்கொள் என்று சொல்வது, திறமைக் குறைவை மறைக்கும் வழி ஆகிவிடாதா?

ம.

அன்புள்ள ம.,

உங்கள் தயக்கம் நல்ல தயக்கம். அமிலம் தின்ற ஒவ்வொரு பள்ளத்தையும் கலை என்று கொண்டாடுபவர்களை நான் நம்புவதில்லை. ஆனால் ‘என் கை செய்யாதது’ என்று நீங்கள் பிரிக்கும் கோடு அச்சோவியத்தில் நிலைக்காது. தூரிகையால் தீட்டும் ஓவியர் ஒவ்வொரு தீற்றலையும் அது விழும்போதே பார்க்கிறார். உங்களுக்கும் படத்துக்கும் நடுவிலோ அமிலம், மை, ஈரத்தாள், கம்பளி விரிப்பு, உருளையின் அழுத்தம் ஆகியவை நிற்கின்றன. தாளை உரித்தெடுக்கும்வரை படம் உங்களுக்கே தெரியாது. வெயில் ஏறிய நாளில் அதே அமிலம் விரைந்து அரிக்கும், அதே மை இளகும். தகட்டின் மேற்பரப்பில் மையை மெல்லிய படலமாக விட்டு டச்சு ஓவியர் ரெம்ப்ராண்ட் எடுத்த படிகளைப் பாருங்கள்: ஒரே தகடுதான், ஆனால் ஒரு படியில் வெளிச்சமும் மற்றொன்றில் இருளும் இருக்கும். அவை அவருடைய தெரிவுகள்.

உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமானது 1963இல் அமெரிக்க ஓவியர் ராபர்ட் ராவ்ஷென்பெர்க்குக்கு நேர்ந்தது. அமெரிக்காவின் லாங் ஐலண்டில் தத்யானா குரோஸ்மன் நடத்திவந்த பட்டறையில் அவர் லித்தோ முறையில், அதாவது கல்லின் சமதளத்தில் வரைந்து, அச்சிட்டுக்கொண்டிருந்தபோது இயந்திரத்தில் கல் உடைந்தது. வேறொரு கல்லில் மீண்டும் தொடங்கினார், அதுவும் உடைந்தது. இம்முறை அவர் உடைந்த கல்லைக் கொண்டே அச்சிடத் தீர்மானித்தார். படத்தின் குறுக்கே ஒரு வெள்ளைப் பிளவு ஓடியது. படத்துக்கு ‘விபத்து’ என்றே பெயரிட்டார். அது அவ்வாண்டே ஸ்லோவேனியாவின் லுப்லியானா நகரில் நடந்த சர்வதேச அச்சோவியக் கண்காட்சியில் முதற்பரிசு பெற்றது. இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் பரிசோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு முந்தைய உழைப்பு. கல் உடைந்தது ஒரு கணத்தில். ஆனால் உடைந்த துண்டுகளைப் பொருத்தி நிறுத்தி, அதே பிளவு ஒவ்வொரு படியிலும் விழும்படி அச்சிடுவதற்கு முழுக் கல்லில் அச்சிடுவதைவிடக் கூடுதல் தேர்ச்சி வேண்டும். திறமை இல்லாத பட்டறையில் அது வெறும் உடைந்த கல்லாகவே போயிருக்கும்.

நம் பக்கத்திலிருந்து அச்சோவியர் கிருஷ்ணா ரெட்டியைச் சொல்வேன். 1925இல் சித்தூர்ப் பகுதியில் பிறந்து, சாந்திநிகேதனில் பயின்று, நாற்பதுகளின் இறுதியில் சென்னைக் கலாக்ஷேத்திராவில் ஓவியம் கற்பித்து, பின் பாரிஸில் ஸ்டான்லி வில்லியம் ஹேட்டரின் ‘அத்லியே 17’ பட்டறைக்குச் சென்றவர். அங்கே அவரும் கைகோ மோட்டியும் உருவாக்கிய முறையில், ஒரே தகட்டில் பல வண்ணங்களை ஏற்றி ஒரே அழுத்தத்தில் அச்சிட முடிந்தது. ஆளிவிதை எண்ணெய் கூடுதலாகக் கலந்த இளகிய மையைக் கடினமான உருளையால் தகட்டின் மேட்டுப் பரப்பில் ஏற்றுவார்கள். பிறகு எண்ணெய் குறைந்த கெட்டியான மையை மென்மையான உருளையால் பள்ளங்களுக்குள் செலுத்துவார்கள். இளகிய மை படிந்த இடத்தில் கெட்டி மை ஒட்டாது. எண்ணெயின் அளவு சற்று மாறினாலும் வண்ணங்கள் வேறு விதமாகச் சேரும், விலகும். சிற்பப் பயிற்சியும் பெற்றிருந்த ரெட்டி, தகட்டைப் பல ஆழங்களில் செதுக்கி இந்தச் சேர்க்கைகளைத் தேடிப் போனார். தம் கோமாளிப் படங்களை ஒரே தகட்டிலிருந்து வெவ்வேறு வண்ணங்களில் எடுத்துப் பார்த்தார். மை எப்படி நடந்துகொள்ளும் என்பதை அவ்வளவு நெருக்கமாக அறிந்திருந்ததால்தான் அதன் போக்கில் விட அவருக்குத் துணிவு இருந்தது என்று நினைக்கிறேன்.

உங்கள் தகட்டுக்கு வருகிறேன். அந்தக் கரும்பரப்பைச் சுரண்டி, மெருகுக் கருவியால் தேய்த்துச் சமன்செய்ய முடியும். வேலை கூடுதல், அவ்வளவுதான். ஆகவே அதை விட்டுவைப்பதும் நீங்கள் செய்யும் செயலே. ஆனால் நண்பர்கள் சொன்னார்கள் என்பதற்காக விட்டுவைக்காதீர்கள். அந்தப் பகுதியில் மையை நிறைய விட்டு ஒரு படி, நன்றாகத் துடைத்து ஒரு படி, அதைத் தாளால் மறைத்து ஒரு படி என்று எடுத்து, மூன்றையும் சில நாட்கள் சுவரில் மாட்டிப் பாருங்கள். மறைத்த படியில் படம் குறையுடன் தோன்றினால் அந்தக் கருமை படத்துக்கு வேண்டும். அப்படி இல்லையென்றால் தயங்காமல் தேய்த்துவிடுங்கள். எதுவானாலும், அன்று பயன்படுத்திய அமிலத்தின் செறிவையும் ஊறிய நேரத்தையும் நினைவிலிருந்து எழுதிவைத்து, ஒரு சிறு துண்டுத் தகட்டில் பூச்சை வேண்டுமென்றே அங்கங்கே மெலிதாக்கி அதே அரிப்பைக் கொண்டுவர முயலுங்கள். வருவது முதலில் வந்ததைப் போல இருக்காது. எந்த வகையில் வேறுபட்டது என்று எனக்கு எழுதுங்கள்.